டேங்க் கேட்டு மூடாத ஞாயிற்றுக்கிழமை

கொருக்குப்பேட்டைக்காரர்களுக்கு உலகத்தில் வேறு எதன்மேல் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, டேங்க் கேட்டு என்கிற ரயில்வே கேட்டு மூடும் என்பதில் மட்டும் ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை. எண்ணெய் டேங்கர்களை இழுத்துக்கொண்டு கூட்ஸ் வண்டி வரும், மணி அடிக்கும், கம்பம் இறங்கும். அப்புறம் இந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கல்யாணக் கூட்டம் என்று சனங்கள் நிற்க வேண்டியதுதான். அங்கே நின்றே முகூர்த்தத்தைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். பரீட்சையைத் தவறவிட்டவர்கள் இருக்கிறார்கள். காசிமேட்டிலிருந்து கூடையோடு வந்த அடைக்கலமேரி, கேட்டு திறப்பதற்குள் பாதி மீனை அங்கேயே விற்றுவிட்டு, "இன்னாத்துக்கு இனிமே அந்தாண்ட போறது" என்று வீட்டுக்குத் திரும்பியதும் உண்டு. தண்ணீர் லாரி வராத நாள் உண்டு, கரண்ட் வராத நாள் உண்டு. கேட்டு மூடாத நாளை யாரும் பார்த்ததில்லை.

அப்படிப்பட்ட கேட்டை நம்பித்தான் யசோதரா அந்த ஞாயிற்றுக்கிழமை விழாவுக்கு நாள் குறித்தாள். அவளைக் குறை சொல்லாதீர்கள். நீங்களாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

யசோதரா பெரம்பூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது, அப்படி ஒரு கை. மாலையில் டேங்க் கேட்டு நட்பு மன்றத்தின் செயலாளர். மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, வருஷத்துக்கு ஒரு ரத்த தான முகாம், அவ்வளவுதான் மன்றம். ஆனால் அந்த மன்றத்துக்கு ஒரு ஆசை இருந்தது. கேட்டுக்கு இந்தப் பக்கமே நிற்கிற மாதிரி ஒரு ஆம்புலன்ஸ் வேண்டும். வெறும் வண்டி இல்லை, ஆக்சிஜனும் நர்சும் உள்ள வண்டி. கேட்டு மூடிக் கிடந்தாலும் உள்ளே படுத்திருப்பவனுக்கு மூச்சு ஓட வேண்டும், பக்கத்தில் மருந்து தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும்.

அந்த ஆசைக்குக் காரணம் அவள் வீட்டுக்குள்ளேயே இருந்தது. அவள் புருஷன் எழிலன் ஒரு காலத்தில் அந்த வட்டாரத்தின் மைக். தெருமுனை கேரம் போட்டியா, அம்மன் கோயில் கூழா, ஏப்ரல் பதினான்கு ஊர்வலமா, மாதா கோயில் தேரா, எதுவானாலும் மைக் எழிலன் கையில்தான். அவன் "அலோ மைக் டெஸ்டிங்" என்றாலே தெரு வாசலுக்கு வந்துவிடும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரோடு சரிந்தான். பக்கவாதம். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றது. இந்தப் பக்கம் மஜீது பாயின் ஷேர் ஆட்டோவில், யசோதராவின் மடியில் எழிலன். ஒரு கூட்ஸ் போய் முடிந்தது என்று மூச்சு விட்டால் எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொன்று வந்தது. மஜீது பாய் இறங்கிப் போய் கேட்டுக் கம்பத்தைக் கையால் அடி அடியென்று அடித்தார். கம்பம் என்ன செய்யும், பாவம். ஆஸ்பத்திரியில் டாக்டர் "கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா" என்று ஆரம்பித்து, யசோதராவின் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை விழுங்கிக்கொண்டார்.

உயிர் மிஞ்சியது. வலது கை வரவே இல்லை, வலது கால் பாதி வந்தது. பேச்சு வந்தது, ஆனால் ஒவ்வொரு சொல்லாக, நடுவில் நெடுநேரம் எடுத்துக்கொண்டு வந்தது. எழிலன் மைக்கைத் தொடுவதை விட்டான். வீட்டுக்கு வெளியே வாயைத் திறப்பதையும் விட்டான். யாராவது "இன்னா மாமு, எப்டி கீற" என்று கேட்டால் தலையை ஆட்டுவான், அதோடு சரி. யசோதராவுக்கு அதுதான் தாங்கவில்லை. கை போனதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள், இந்த மௌனத்தைப் பொறுக்க அவளால் முடியவில்லை.

ஆம்புலன்ஸுக்காக மன்றம் முதலில் செய்தது, எல்லா மன்றமும் செய்கிற காரியம். தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தைப் பிடித்து மெல்லிசைக் கச்சேரி வைத்தார்கள், டிக்கெட் போட்டார்கள். வந்தவர்கள் பாட்டைக் கேட்டார்கள், பிரியாணியைச் சாப்பிட்டார்கள், ஷோக்கா இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கச்சேரிக்காரர், மண்டபக்காரர், பிரியாணிக்காரர் எல்லோருக்கும் கொடுத்தது போக மன்றத்துக்கு மிஞ்சியது பந்தல்காரன் மறந்துவிட்டுப் போன ஒரு முழக் கயிறுதான்.

அப்புறம்தான் கரோலின் வந்தாள். ராயபுரத்துப் பெண். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் சமூக நலப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வண்டியை வாங்கித் தரும் என்றாள், ஆக்சிஜன் முதல் ஸ்ட்ரெச்சர் வரை எல்லாவற்றோடும். ஆனால் ஓட்டுகிற செலவு ஊருடையது.

"டீசல், டிரைவர், நர்ஸ், இதெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும். மாசம் இருபது ரூபா தர ஆயிரம் வீடு இருக்குன்னு காட்டுங்க. வாங்கிக் குடுத்த வண்டி எத்தனையோ எடத்துல துரு புடிச்சு நிக்குது. அதான் எங்க கம்பெனியில பயப்படுறாங்க" என்றாள்.

ஆயிரம் வீடு. யசோதரா கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு கதவாகத் தட்டினால் பாதிப் பேர் வேலைக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

வழி கிடைத்தது கேட்டில்தான். ஒரு நாள் வேலை முடிந்து வருகிறவள் வழக்கம்போல மாட்டிக்கொண்டு நின்றாள். கைபேசி ஒரு முறை அடித்து நின்றது. தண்ணீர் லாரி வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வருஷம் 2007. கைபேசி எல்லார் கையிலும் வந்துவிட்டது, அதில் பேசுவதற்குக் காசுதான் யாரிடமும் இல்லை. அதனால் கொருக்குப்பேட்டையில் மிஸ்டு கால் என்பது ஒரு தனி பாஷையாகவே வளர்ந்திருந்தது. ஒரு தபா அடித்தால் தண்ணீர் லாரி. இரண்டு தபா அடித்தால் கிளம்பிவிட்டேன், உலையை வை. மூன்று தபா அடித்தால் உன் மாமியார் வந்திருக்கிறாள், நிதானமாக வா. யசோதரா கைபேசியை இடுப்பில் செருகப் போனவள் அப்படியே நின்றாள். சுற்றிலும் பார்த்தாள். எத்தனை பேர், எத்தனை கைபேசி, கேட்டு திறக்கும் வரை ஒருத்தருக்கும் ஒரு வேலையும் இல்லை. அட, இத்தனை நாளாக இது கண்ணில் படாமல் போயிற்றே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாளே ஒரு துணியில் பெரிதாக அவள் கைபேசி எண்ணை எழுதிக் கேட்டருகே கட்டினார்கள். "கேட்டு மூடினாலும் மூச்சு ஓட, ஒரு மிஸ்டு கால் கொடுங்க. உங்க வீட்டுக்கு நாங்க வர்றோம்." கம்பம் இறங்கியதும் இரண்டு கானாப் பசங்கள் டோலக்கை எடுத்துப் பாடத் தொடங்குவார்கள். யசோதரா கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போய் ஆம்புலன்ஸையும் மாசம் இருபது ரூபாயையும் பற்றிப் பேசுவாள். பேச்சு அவளுக்குச் சுத்தமாக வராது. மனப்பாடம் செய்த பாடத்தை ஒப்பிப்பது போல ஒப்பிப்பாள். எழிலன் ஓரமாக ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்பான். அவள் உளறும்போதெல்லாம் அவன் உதடு மட்டும் அசையும்.

மிஸ்டு கால் வந்தது பாருங்கள், மழை மாதிரி வந்தது. முதல் நாள் யசோதரா சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து கைபேசியைத் திறந்து பார்த்தால் அதில் இருபதே எண்கள். அந்தக் கைபேசி கடைசி இருபது அழைப்பைத்தான் வைத்துக்கொள்ளும், பழையதை எல்லாம் தானே தள்ளிவிடும் என்று யாருக்குத் தெரியும்? நூறு பேருக்கு மேல் கொடுத்த வாக்கு காற்றோடு போய்விட்டது.

அங்கேதான் பிராங்கிளின் உள்ளே வந்தான். மார்க்கெட் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தவன். விஷயத்தைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, தன் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை எடுத்துவந்து, ஒரு கேபிளால் கைபேசியை அதோடு பிணைத்துவிட்டான்.

"இனிமே எவன் அடிச்சாலும் அவன் நம்பரு நேரா இதுல ஏறிக்கும் யசோக்கா. ஒரே ஆளு பத்து தபா அடிச்சாலும் ஒன்னுன்னுதான் கணக்கு. அடிச்சவனுக்கு ஒரு எஸ்எம்எஸ்சும் தானா போவும், 'நன்றி, வூட்டுக்கு வர்றோம்'னு."

"துட்டு கேப்பியாடா?"

"துட்டா? எங்கப்பாவ இட்டுகினு அந்தக் கேட்டுல நானும் நின்னுகினு இருந்தவன்தான்க்கா" என்றான். கேபிளை இன்னொரு முறை அழுத்திச் செருகினான்.

மிஸ்டு கால் கொடுத்தவர்களைத் திருப்பிக் கூப்பிட்டு விலாசம் வாங்கிக்கொண்டு, மன்றத்துப் பெண்கள் அவர்கள் வீட்டுக்கு மாதப் பிறப்பில் போனார்கள். கரோலினுக்கு அதில்தான் சந்தேகம். மிஸ்டு கால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமே என்று அவளும் கூடவே நாலு தெரு நடந்து பார்த்தாள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருபது ரூபாய் ஜன்னல் விளிம்பில் தயாராக இருந்தது. ஒரு வீட்டில் "ஏன்மா இத்தினி லேட்டு" என்று சண்டைக்கே வந்தார்கள். கரோலின் அன்றைக்குத்தான் முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள்.

எழுநூறைத் தாண்டியதும் வண்டி மலை ஏறுவது போல எண்ணிக்கை திணறியது. கேட்டில் தினமும் நிற்பவர்கள் தினமும் அதே ஆட்கள்தானே. அப்போது கரோலின் ஒரு செய்தியோடு வந்தாள். திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் முடிவெடுக்கிறார்கள், வேறு ஒரு ஊரும் வரிசையில் நிற்கிறது, ஞாயிறு சாயங்காலம் அவளே வந்து பார்த்து அறிக்கை தர வேண்டும்.

"ஆயிரம் வந்துட்டா நான் பேசிக்கிறேன். வரலேன்னா என் கையில ஒண்ணும் இல்ல யசோதரா" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டு மீனுக்கும் தண்டையார்பேட்டை மார்க்கெட்டுக்கும் சொந்தக்காரர் வீட்டுக்கும் போகிற புது ஆட்கள் நிறைய வருவார்கள். அதனால் பெரிய விழாவாகவே வைத்துவிட்டார்கள். கேட்டை ஒட்டி ஒரு லாரியை நிறுத்தி அதுவே மேடை. கானாப் பசங்கள் புதுச் சட்டை போட்டு வந்தார்கள். பாக்ஸிங் பழகும் பெண்கள் மேடையில் மோதிக் காட்டக் கையுறையோடு வந்தார்கள். பிராங்கிளின் ராயபுரத்துச் சர்ச் ஹாலிலிருந்து புரொஜக்டரைக் கேட்டு வாங்கி வந்து, குடோன் சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினான். கம்ப்யூட்டரில் ஏறும் எண்ணிக்கை அதில் ஆள் உயரத்துக்குத் தெரியும். இருட்ட ஆரம்பித்ததும் வேட்டியில் 742 பளிச்சென்று நின்றது. கரோலின் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாள். எல்லாம் தயார். இனி கேட்டு மூட வேண்டியதுதான் பாக்கி.

கேட்டு மூடவில்லை.

கானாப் பசங்கள் ஒரு பாட்டை முடித்து இன்னொன்று தொடங்கினார்கள். வண்டிகள் விர் விர்ரென்று போய்க்கொண்டே இருந்தன. கேட்டு திறந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒரே குஷி. "மச்சான், கேட்டு தொறந்து கீதுடா, சீக்கிரம் முறுக்கு, மூடிடப் போறான்" என்று வழக்கத்தைவிட வேகமாகப் பறந்தார்கள். ஒருத்தரும் இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேட்டியில் 742 அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

யசோதரா கேட்டுக்காரர் கிருஷ்ணப்பனின் அறைக்கு ஓடினாள்.

"இன்னாண்ணே, ஒரு வண்டியும் காணோம்?"

"எண்ணூர் பக்கம் தண்டவாளத்துல வேல நடக்குதும்மா. இன்னிக்கு ராத்திரி வரிக்கும் கூட்ஸே கெடையாது."

"அத்த முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேக்கவேயில்லியேம்மா."

நியாயம்தான். கேட்டு மூடுமா என்று யாராவது போய்க் கேட்பார்களா? பொழுது விடியுமா என்று கேட்டால் சிரிக்க மாட்டார்களா? ஊரே மூடும் மூடும் என்று நம்பி, கேட்டுக்காரரைத் தவிர மற்ற எல்லாரிடமும் விழாவைப் பற்றிச் சொல்லியிருந்தது.

"அண்ணே, சும்மா ஒரு தபா மூடேன். கொஞ்ச நேரம்."

கிருஷ்ணப்பன் சிரித்தே விட்டார். "இத்தினி வருசமா ஏன்யா மூடுறேன்னு என்னத் திட்டாத வாயி கெடையாது. இன்னிக்கி மூடுன்னு கெஞ்சுறியே." அவள் கண்ணைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ரயிலு இல்லாம மூட்னா வேல பூடும்மா. தப்பா நென்ச்சுக்காத."

யசோதரா திரும்பி வந்தாள். கரோலின் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பார்த்தது தெரியக் கூடாது என்று வளையலைச் சரிசெய்தாள். பிராங்கிளின் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையைக் குனிந்திருந்தான். யசோதரா மைக்கை எடுத்து, "அன்பான பொதுமக்களே" என்று ஆரம்பித்தாள். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனதில் மீதி காணாமல் போயிற்று.

அவள் போய் எழிலன் பக்கத்தில் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள், அப்படியும் வந்துவிட்டது.

"இத்தினி நாளா நமக்காக நிக்கிறாங்கன்னு நென்ச்சுகினு இருந்தேன்யா. கேட்டுக்காகத்தான் நின்னுருக்காங்க. கேட்டு இல்லன்னா நம்பள யாருக்குமே தெரியல" என்றாள்.

எழிலன் ரோட்டைப் பார்த்தான். தூக்கி நின்ற கம்பத்தைப் பார்த்தான். அப்புறம் இடது கையால் கோலை ஊன்றி எழுந்தான். வீட்டுக்குப் போகிறான் போல என்று அவள் நினைத்தாள். போகட்டும், அவனாவது இதைப் பார்க்க வேண்டாம்.

அவன் வீட்டுப் பக்கம் போகவில்லை. வலது காலை இழுத்து இழுத்து நேராக ரோட்டுக்கு நடுவே போனான். வண்டிகள் அவனுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைந்து போயின. தண்டவாளத்துக்குக் கொஞ்சம் முன்னால், கம்பம் இறங்குகிற இடத்தில் நின்றான். கோலைக் கீழே போட்டான். ஆடினான். ஒரு நொடி விழுந்துவிடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். விழவில்லை. இடது கையைத் தோளுக்கு நேராக, குறுக்கே, கட்டையாக நீட்டினான்.

எதிரே வந்த ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது. உள்ளே பத்துப் பேர். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரன் முட்டாமல் நின்றதே பெரிது.

"யோவ் சாவுகிராக்கி, வூட்ல சொல்லிகினு வந்துட்டியா? ஓரமா போயா" என்று கத்தி ஹாரனை அழுத்தினான்.

ஆட்டோவிலிருந்து இறங்கியவர் மஜீது பாய். எழிலனைப் பார்த்தார். நீட்டிய கையைப் பார்த்தார். சுவரில் இருந்த வேட்டியைப் பார்த்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆட்டோவின் எஞ்சினை அணைத்துவிட்டு மோட்டார் சைக்கிள்காரனிடம் திரும்பினார்.

"ஹாரன் அடிக்காத நைனா. கேட்டு மூடிகீது."

"எங்க பாய் மூடிகீது? தொறந்துகினுதானே கீது."

"தோ நிக்குதே, கண்ணு தெரியல?" என்று எழிலனைக் காட்டினார். "இவுரு என் ஆட்டோலதான் படுத்துகினு இருந்தாரு, இதே எடத்துல. அன்னிக்கி ரயிலுக்காக நின்னோம். இன்னிக்கி இவுருக்காவ நிக்கலாம், ஒன்னும் குடி முழுவாது."

மோட்டார் சைக்கிள்காரன் ஏதோ சொல்ல வாயெடுத்து, எழிலனின் தொங்கும் வலது கையைப் பார்த்துவிட்டு வண்டியை அணைத்தான். அவன் பின்னால் ஒரு கார் அணைந்தது. அதற்குப் பின்னால் ஒரு பஸ். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் மட்டும் வண்டிகள் இன்னும் முட்டிக்கொண்டு வரப் பார்த்தன. அங்கே கூடையோடு நின்ற அடைக்கலமேரி, "இந்தாண்ட நான் மூடிக்கிறேன்" என்று கூடையை நடுரோட்டில் இறக்கி, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அடைக்கலமேரியைத் தாண்டி வண்டியை விட அந்த வட்டாரத்தில் எவனுக்கும் தைரியம் கிடையாது.

சத்தம் எல்லாம் அடங்கியது. ரயில் இல்லை, மணி அடிக்கவில்லை, கம்பம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் சனங்கள் தாங்களாகவே நின்றார்கள். கிருஷ்ணப்பன் அறைக்கு வெளியே வந்து, தன் வேலையை வேறொருத்தன் செய்வதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்பரு இன்னாம்மா? இங்கேந்து துணி தெரியல" என்று பஸ் ஜன்னலிலிருந்து ஒரு குரல் கேட்டது.

யசோதரா மைக்கைத் தூக்கினாள். தினமும் ஒப்பித்த எண் ஒரு இலக்கம்கூட நினைவுக்கு வரவில்லை. எழிலன் தலையை மட்டும் அவள் பக்கம் திருப்பினான். கண்ணால் மைக்கைக் காட்டினான். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஓடிப் போய் ஒரு கையால் அவன் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, இன்னொரு கையால் மைக்கை அவன் வாயருகே பிடித்தாள். ஒயர் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது.

ஸ்பீக்கரில் அவன் மூச்சுதான் முதலில் கேட்டது. இரண்டு வருஷம் கழித்து.

"ஒம்... பது" என்றான்.

இடைவெளி. யாரும் அவசரப்படவில்லை. நூற்றுக்கணக்கான கட்டைவிரல்கள் ஒரு எண்ணை அழுத்தின.

"எட்டு."

"எட்டு" என்று மஜீது பாய் பின்னால் இருந்தவர்களுக்குத் திருப்பிச் சொன்னார்.

"நாலு."

"நாலு" என்று இந்த முறை ரோடே சொன்னது.

அவன் பேசுகிற வேகம்தான் எண்ணை அழுத்துகிற வேகமாக இருந்தது. பழைய மைக் எழிலன் கடகடவென்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் தவறவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு எண்ணையும் அவன் பிடுங்கி எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, சனங்கள் வாங்கி வாங்கிச் சொன்னார்கள். கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கும்போது அவன் நெற்றியெல்லாம் வியர்வை. நீட்டிய கை நடுங்கியது. இறக்கவில்லை.

ஒரு நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் வேட்டியில் 743 என்று மாறியது. 751. 780. கம்ப்யூட்டர் மூச்சு வாங்கி ஒரு தாவல் தாவியது, 846. அடித்தவர்களுக்கெல்லாம் நன்றி எஸ்எம்எஸ் போய் விழ, ரோடு முழுக்க டிங் டிங்கென்று சத்தம். "எனுக்கு வந்துட்சி" என்று ஒருத்தர், "எனுக்கு எங்கயா" என்று இன்னொருத்தர். லைன் கிடைக்காதவர்கள் மறுபடி மறுபடி அழுத்தினார்கள். திட்டின மோட்டார் சைக்கிள்காரன் தன் கைபேசியில் அடித்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியிடம், "ஒங்கம்மா வூட்டு நம்பர்லேந்தும் அடிக்கச் சொல்லு" என்றான். பாக்ஸிங் பெண்கள் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசை வரிசையாகப் போய்க் கைபேசி இயக்கத் தெரியாதவர்களுக்கு அழுத்திக் கொடுத்தார்கள். கிருஷ்ணப்பன் அறை வாசலிலிருந்து, "ஏம்மா, கேட்டுக்காரன் அடிச்சா செல்லுமா?" என்று கேட்டார்.

"செல்லும்ணே" என்று யசோதரா கத்தினாள். அழுதுகொண்டேதான் கத்தினாள்.

960. 981. 994. இப்போது ரோடே எண்ண ஆரம்பித்தது. அந்த ஆயிரமாவது மிஸ்டு கால் யாருடையது என்பதில் கொருக்குப்பேட்டையில் இன்றைக்கும் தகராறு உண்டு. அடைக்கலமேரி தன்னுடையது என்பாள். பஸ் கண்டக்டர் தன்னுடையது என்பார். பிராங்கிளினுக்கு உண்மை தெரியும், ஆனால் கேட்கிற எல்லாரிடமும் "உன்னுதுதான், வெளிய சொல்லாத" என்று சொல்லிவிடுவான்.

வேட்டியில் 1000 வந்து நின்றதும் கரோலின் நாற்காலியிலிருந்து எழுந்து, செருப்பு ஒன்று கழன்றது தெரியாமல் ரோட்டுக்கு ஓடி வந்தாள். யசோதராவின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி உங்களுக்குத்தான். நாளைக்கு நான் பேசுறேன். இதப் பாத்த பெறகு என்கிட்ட எவன் இல்லேன்னு சொல்லுவான்னு பாக்குறேன்" என்றாள்.

யசோதரா அதைக் கேட்டாளா என்றுகூடச் சொல்ல முடியாது. அவள் புருஷனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை இன்னும் குறுக்கே நீண்டபடி இருந்தது. நடுக்கம் இப்போது தோள் வரை ஏறியிருந்தது.

"போதும்யா" என்றாள்.

எழிலன் அவளைப் பார்த்தான். உதட்டின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது, அந்த ஒரு ஓரம்தான் அவனுக்குச் சிரிக்கும். மைக் இன்னும் அவன் வாயருகே இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். அதனால் அவன் கேட்டது ரோடு முழுக்கக் கேட்டது.

"கேட்ட... தொறக்... கட்டா?"

"தொற" என்றாள் யசோதரா.

அவன் கை மெல்ல, கம்பம் ஏறுவது போலவே, மேலே ஏறியது. தலைக்கு மேல் நேராக நின்றது. இரண்டு பக்கமும் நின்ற அத்தனை வண்டிகளும் ஒன்றாக ஹாரன் அடித்தன. ஒரு வண்டியும் நகரவில்லை.